ஆட்டுச் சர்க்கரை

எலிகள் புரட்டாசி விரதம் இருப்பதில்லை. டாக்டர் பேச்சியம்மாள் செய்த பிழையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பிழையில் மனிதர்கள் மாட்டிக்கொண்டதால் ஒரு வரியோடு விட்டுவிட முடியாது.

பேச்சியம்மாள் பாளையங்கோட்டையில் ஒரு புற்றுநோய் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தாள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையால் ஆன மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையை நெய்வதும் கத்தரிப்பதும் ஒட்டுப்போடுவதும் நொதிகளின் வேலை. பேச்சியின் இளமையெல்லாம் அந்த நொதிகளோடேயே போய்விட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எலிக்கூண்டைக் கழுவ வேண்டும் என்று ஓடிவிடுவாள் என அக்கா உலகம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அத்தானுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த அன்று அக்காவின் சிரிப்பு நின்றது. அத்தான் நம்பிராஜன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்து கரியாகிப்போன மோட்டாரைக்கூட ஓட வைத்துவிடுவார் என்று பெயர். அவரை ஓட வைக்க அறுவை சிகிச்சையும் கீமோவும் செய்தார்கள். செய்துவிட்டு, இது திரும்ப வரும் நோய், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். பேச்சியின் புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அப்போதுதான் தொடங்கவிருந்தது. சொந்தக்காரரைச் சேர்க்கலாமா என்று கண்காணிப்புக் குழுவில் கேள்வி எழுந்தது. நோய் பொருந்தியது, இடமும் இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

மருந்து என்ன செய்யும் என்று பேச்சி அத்தானுக்கு விளக்கியது அவருடைய கடையில் வைத்துத்தான். அவர் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வாழைய வெட்டிச் சாய்ச்சாலும் அடியில கிழங்கு கிடக்கும்லா அத்தான். புத்துநோயும் அப்படித்தான். மருந்துக்கு எல்லாம் செத்துப் போகும், கொஞ்சம் குருத்துச் செல் மட்டும் தப்பிச்சுக்கிடும். அது சர்க்கரைப் போர்வையப் போத்திக்கிட்டு, நானும் இந்த வீட்டு ஆளுதான்னு நடிச்சுக்கிட்டுக் கிடக்கும். உடம்புல இருக்க காவல்காரனும் நம்பிருவான்."

"நீ போர்வைய உருவப் போறியாக்கும்."

"உருவினா இன்னொண்ணு நெய்ஞ்சுக்கிடும். நான் அதுல ஆட்டுச் சர்க்கரைய ஒட்டப் போறேன்."

மனித உடம்பால் செய்யவே முடியாத ஒரு சர்க்கரை உண்டு. ஆட்டின் உடம்பு அதைத் தாராளமாகச் செய்யும். கறி சாப்பிட்டால் அது நம் ரத்தத்துக்கு வரும். பேச்சியின் நொதி ஊசி வழியாக உள்ளே போய், அந்தச் சர்க்கரையைப் பொறுக்கி எடுத்து, குருத்துச் செல்லின் போர்வையில் ஒட்டிவிடும். காவல் செல்கள் இது நம்ம வீட்டுச் சர்க்கரை இல்லையே என்று விழித்துக்கொண்டு, அந்தச் செல்லைத் தலையெடுக்க விடாமல் அமுக்கி வைக்கும். இதையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும் நம்பிராஜன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"திருடனுக்கு நீ ஆட்டுத்தோலப் போத்தி ஊருக்குள்ள விடுதே. ஊர்க்காரன் சும்மா இருப்பானா. நல்ல ஏற்பாடுதான்" என்றார்.

அந்தச் சர்க்கரையை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. பிரித்தெடுக்கச் செலவு பிடிக்கும். நம் ஆட்கள் வாரம் தவறாமல் கறி எடுப்பவர்கள், அவர்களுக்கு எதற்கு மாத்திரை என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவள் பேச்சிதான். சைவக்காரர்களைச் சோதனையில் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களிடம் வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற மருத்துவம் என்று பெரியவர்கள் அவளைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

தை மாதம் தொடங்கிய சோதனை ஆவணி வரைக்கும் அமோகமாக நடந்தது. ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. நம்பிராஜன் மறுபடி கடை திறந்தார். சோதனையில் சேர்ந்திருந்த, மாவு மில் நடத்தும் ஆவுடைத்தாய் என்ற அம்மாளுக்கு நடமாட்டமே இல்லாமல் இருந்தது. அவள் இப்போது தானே மூட்டையை இழுத்துப் போட்டு அரைக்கிறாள் என்று கேள்வி. எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

பிழைத்தவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. இதை ஆய்வகம் கவனிக்கவில்லை. உலகம்மாள், வீட்டுக்காரர் எழுந்து நடந்தால் புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருந்து, சனிக்கிழமைதோறும் கருங்குளம் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பார் என்று வேண்டியிருந்தாள். மற்ற வருடங்களில் சனிக்கிழமை மட்டும் கறியை விட்டால் போதும் என்று இருந்த குடும்பம் அது. உயிர்ப்பிச்சை வாங்கிய வருடத்தில் யாராவது விரதத்தில் கஞ்சத்தனம் பண்ணுவார்களா? ஊர் முழுக்கச் சோதனையில் இருந்த ஆட்கள் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

ஆவுடைத்தாய் மட்டும் கேட்டாள். ஊசி போட வந்த அன்று, புரட்டாசி முழுக்க விரதம் இருக்கலாமா டாக்டர் என்று பேச்சியிடமே கேட்டாள். தாராளமா இருங்க, பட்டினி மட்டும் கிடக்காதீங்க என்று பேச்சி சொன்னாள். அவள் மனதில் விரதம் என்றால் பட்டினி. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, வெண்டைக்காய்க் காரக்குழம்பு பிரமாதம் என்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பக்கத்து இலையில் அத்தானும் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் கறி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாள்.

ஐப்பசிக் கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியிருந்தது. திரும்பிய நோய் பழையதைவிடப் பல மடங்கு வேகமாக வளர்ந்தது. எட்டு மாத உறக்கத்துக்கும் சேர்த்து வட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகைக்குள் சாவுகள் விழுந்தன. பேச்சி இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு வந்தாள். மூன்றாவது வீட்டு வாசல் வரைக்கும் போய், உள்ளே போகத் தைரியம் வராமல் திரும்பிவிட்டாள்.

காரணம் அவளுக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது தட்டியது. திரும்பியவர்கள் யார் யார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாரும் விரதம் இருந்தவர்கள். சோதனையில் இருந்த மேலப்பாளையத்து மைதீன் பாத்துவுக்குப் புரட்டாசி விரதம் கிடையாது, ஒன்றும் ஆகவில்லை. சமாதானபுரத்து வாத்தியார் எபனேசருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கறியை நிறுத்தினால் ஆட்டுச் சர்க்கரை தீர்ந்துபோகிறது. பாலில் அது பெயருக்குத்தான் உண்டு. போர்வையில் ஒட்டியது உதிர்ந்துவிடுகிறது, குருத்து விழித்துக்கொள்கிறது. மனிதனைப் போலவே அந்தச் சர்க்கரையைச் செய்ய முடியாதபடி மாற்றி வளர்த்த எலிகளுக்கு வருடம் முழுக்க அது கலந்த ஒரே தீனி, அதனால் எலிகளிடம் இது தெரியவில்லை. இத்தனை படித்த தனக்கு ஏன் தெரியவில்லை? தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கண்காணிப்புக் குழுத் தலைவர் டாக்டர் தேவசகாயம் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க அத்தான் விரதம் இருந்தாரா?"

இருந்தார். எல்லாரையும்விடக் கடுமையாக இருந்தார். நான்கு சனிக்கிழமையும் வெறுங்காலோடு மலையேறினார். அவருக்கு நோய் திரும்பவே இல்லை.

"அப்ப உங்க விளக்கம் நிக்க மாட்டேங்குதே" என்றார் தேவசகாயம். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். காரணம் தெரியாமல் ஆட்களைச் சாகவிடுகிற மருந்தைத் தொடர முடியாது, மாதக் கடைசியோடு ஊசியை நிறுத்திவிடலாம் என்பது குழுவின் முடிவு. ஊசி நின்றால் நன்றாக இருப்பவர்களுக்கும் போர்வை உதிரும். மைதீன் பாத்துவும், வாத்தியாரும், அத்தானும் இன்னொரு வருடம் பார்க்க மாட்டார்கள். அத்தான் நன்றாக இருப்பதே அத்தானைக் கொல்லப் போகிறது என்று பேச்சிக்குப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் உலகம்மாள் ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. முகம் வீங்கியிருந்தது. ஆவுடைத்தாய்க்கு முடியவில்லையாமே, இன்னும் யார் யாரோ போய்விட்டார்களாமே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பேச்சி. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செஞ்ச பாவம்ட்டி. சாமி என் வீட்ட விட்டுட்டு அடுத்தவங்க தாலிய அறுக்குது."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். முதல் சனிக்கிழமை மலையிறங்கும்போது நம்பிராஜன் கண் இருட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டியது அவள், வேண்டுதலைக் குறைத்துக்கொள்ள சாமியிடம் கேட்கப் பயம். வேகாத வெயிலில் அவரை ஏற்றி இறக்கவும் பயம். பக்கத்து வீட்டு ஜுலைகா மைனியிடம் போய் அழுதாள். சட்டி மைனியுடையது, அடுப்பும் மைனியுடையது. ஆட்டுக்கால் சூப் வைத்து, துணியில் வடிகட்டி, மிளகு ரசத்தோடு கலந்து, தினம் ஒரு டம்ளர் அவருக்குக் கொடுத்தாள். அவர் ரசம் என்று நினைத்துக் குடித்தார். அவள் சாமி படத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள்.

பேச்சிக்குச் சந்தோஷம் வந்தது. அக்கா அழுதுகொண்டிருக்கும்போது, எதிரே ஒரு ஆள் உடைந்துபோய் நிற்கும்போது, அவளுக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது. கணக்கு சரியாகிவிட்டது. தன் விளக்கம் சரி. அடுத்த நொடியே, சீ, நான் என்ன பிறவி என்று தோன்றியது. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ செய்தது பாவம் இல்லை, அந்த சூப்தான் அத்தானைக் காப்பாற்றியது என்று எல்லாவற்றையும் விளக்கினாள்.

உலகம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவள் மக்கு இல்லை.

"அப்ப ஒழுங்கா விரதம் இருந்தவங்கள யாரு கொன்னது?"

"நான்தான்க்கா."

இல்லடி, நீ என்ன பண்ணுவே என்று ஒரு வார்த்தை வரும் என்று பேச்சி காத்திருந்தாள். உலகம்மாள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒங்க அத்தான்ட்ட மட்டும் சொல்லிராதே என்று கேட்டாள். பெருமாள் போட்ட உயிர் என்று கடைக்கு வருகிறவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் இனி என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்றாள். பேச்சி தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே தேவசகாயத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

வேறு வழி இல்லை என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள். உண்மையில் வேறு வழி இல்லைதான். ஆனால் தலையாட்டியபோதே சொல்லப் போகிறோம், அது அத்தான் காதுக்கும் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் உறுத்தியது. அவர் எடுத்த எடுப்பில், இதை அவர்கள் வாயால் கேட்காமல் ஏற்க முடியாது, புருஷன் பெண்டாட்டி இருவரையும் குழுவின் முன் வரச் சொல்லுங்கள் என்றார்.

இருவரும் வந்தார்கள். உலகம்மாள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். நல்ல இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பிராஜன் சொல்லிக் கட்ட வைத்தாராம். உள்ளே நுழைந்ததும் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அப்புறம் அவள் பேச்சியின் பக்கம் திரும்பவே இல்லை.

தேவசகாயம் சுற்றி வளைக்கவில்லை. புரட்டாசியில் உங்களுக்குத் தெரியாமல் ரசத்தில் ஆட்டுக்கால் சூப் கலந்து கொடுத்ததாக உங்கள் மனைவி சொல்லியிருக்கிறார், இந்தச் சோதனை தொடர்வதும் நிற்பதும் அதைப் பொறுத்திருக்கிறது என்றார். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நம்பிராஜன் மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குத் தெரியாமன்னு யார் சொன்னா?" என்றார்.

குழுவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆட்டுக்கால் ருசி எனக்குத் தெரியாதா சார். சின்னப் பிள்ளையில இருந்து குடிக்கேன். மொத மடக்குலயே தெரிஞ்சுட்டு. கேட்டா நிறுத்திப்பிடுவான்னு வாயத் தொறக்காம குடிச்சேன். உயிர் மேல ஆசை. விரதத்த முறிச்சது நான்தான், இவ இல்ல. எழுதிக்கிடுங்க."

உலகம்மாள் விம்மினாள். அழுகையா, கோபமா, நிம்மதியா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். சொல்லிருக்கலாம்லா, இத்தன நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சேனே என்று அங்கேயே அவர் தோளில் அடித்தாள். தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊசி தொடரும், இனிச் சேருகிறவர்களுக்கு விரதமானாலும் என்னவானாலும் சர்க்கரை நிற்கக்கூடாது, கறி வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரை என்று அன்றே முடிவாயிற்று.

வெளியே வந்ததும் உலகம்மாள் ஆட்டோ பார்க்கப் போனாள். அவள் நடையில் பழைய வேகம் வந்திருந்தது. வாகை மர நிழலில் பேச்சியும் நம்பிராஜனும் நின்றார்கள். பேச்சி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"அத்தான், கீமோவுக்கு அப்புறம் நாக்குல ருசியே தெரியலன்னு ஒவ்வொரு தடவையும் நர்ஸ்ட்ட சொல்லுவீங்களே. வேப்பங்காயும் வெல்லமும் ஒண்ணுதான்னு எங்கிட்டயே சொல்லிருக்கீங்க."

நம்பிராஜன் ஆட்டோவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த மனைவியையே பார்த்தார்.

"அவட்ட சொன்னதில்ல. நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் போடுன்னுதான் சொல்லுவேன். மனசு நொந்து போவால்லா."

"அப்ப சூப்பு?"

"இன்னைக்குத்தான் தெரியும். இப்ப என்ன, அவ ராத்திரி ஒறங்கட்டும். பெருமாள்ட்ட நான் பேசிக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒழுங்கா இருந்தவன்லாம் போயிட்டான். ஏமாத்துக்காரன் நான் நிக்கேன். அதத்தான் அவர்ட்ட எப்படிக் கேக்கன்னு தெரியல" என்றார். அவர் தோளில் இப்போது என்ன பாரம் ஏறியிருக்கிறது என்று பேச்சிக்குத் தெரிந்தது. ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

ஆட்டோ போன பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்குப் போனாள். ஆவுடைத்தாய் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தாள். மாவு மில்காரியின் கைகள் குச்சியாகியிருந்தன. பேச்சியைப் பார்த்ததும், வாங்க டாக்டர், இருங்க என்று ஸ்டூலைக் காட்டினாள். எதிலே தப்பு விட்டோம் என்றே யோசித்துக்கொண்டு கிடக்கிறேன், விரதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லையே என்றாள்.

பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுச் சர்க்கரையை, போர்வையை, கறி நின்றதும் அது உதிர்ந்துபோனதை. சொல்லும்போது மெத்தை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"நீங்க எங்கிட்ட வந்து கேட்டீங்க. விரதம் இருக்கலாமான்னு கேட்டீங்க. நான்தான் இருங்கன்னு சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஆவுடைத்தாய் கையை நீட்டி, பேச்சியின் புறங்கையில் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல பிள்ள நீங்க. வேண்டாம்னு நீங்க காலப் பிடிச்சிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பெருமாளுக்குச் சொன்ன வாக்கு. எப்படியும் இருந்திருப்பேன்."

பேச்சி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா, இல்லை இதுவும் அத்தான் சொன்ன பொய் மாதிரிதானா என்று கண்களில் தேடினாள். கேட்கமாட்டாதவள் எதற்காக வந்து கேட்டாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆவுடைத்தாய் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.